மதுரையில் கிடைக்கும் வலி மாத்திரை லண்டனில் ஏன் இல்லை?

கேள்வி: லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போன அம்மா, முழங்கால் வலிக்கு மதுரையில் வழக்கமாக வாங்கும் இரண்டு வகை மாத்திரைகளைக் கொண்டுபோயிருந்தார். ஒன்று நிமசுலைட். மற்றொன்று அசிக்ளோஃபெனாக், பாராசிட்டமால், செராஷியோபெப்டிடேஸ் மூன்றும் சேர்ந்தது. தீர்ந்ததும் அங்கே மருந்துக் கடையில் காலி அட்டைகளைக் காட்டினால், முதலாவது தங்கள் நாட்டில் அனுமதியே இல்லாத மருந்து, இரண்டாவது போன்ற கலவையைப் பார்த்ததே இல்லை என்றார்களாம். அதே முழங்கால், அதே வலி. மருந்து மட்டும் நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்? நமக்குத் தருவது மட்டமான சரக்கா?

பதில்:

மட்டமான சரக்கு என்று சொல்ல மாட்டேன். அட்டையில் எழுதியிருப்பது மாத்திரைக்குள் இருக்கும். ஆனால் அது இங்கே இருப்பதற்கும் அங்கே இல்லாததற்கும் அம்மாவின் முழங்காலோடு பெரிய சம்பந்தம் கிடையாது. எந்த நிறுவனம் எந்த நாட்டில் முதலில் கடை விரித்தது, எந்த நாட்டு மருத்துவர்கள் எந்த விபரீதத்தைக் கண்ணெதிரே பார்த்தார்கள், மருந்துச் சீட்டு இல்லாமல் போய் நின்றால் கடைக்காரர் என்ன செய்வார் என்பவைதான் இதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மருந்தியல் பாடம் நடத்திய காலத்தில் மாணவர்கள் இதே கேள்வியைக் கேட்பார்கள். ஒரு மணி நேர வகுப்பு போதாது. இங்கேயும் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு சிறு அடிப்படை. ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், நிமசுலைட் எல்லாமே ஒரே வேலையைச் செய்கின்றன. காக்ஸ் என்ற நொதியை மடக்கி, வலியையும் வீக்கத்தையும் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்களை உடம்பு தயாரிக்கவிடாமல் தடுக்கின்றன. இதை 1971-ல் கண்டு சொன்ன ஜான் வேன் என்ற ஆங்கிலேயருக்கு 1982-ல் நோபல் பரிசு கிடைத்தது. சிக்கல் என்னவென்றால், அதே புரோஸ்டாகிளாண்டின்கள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கின்றன, சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைக்கின்றன. ஆகவே வயிறு, சிறுநீரகம், இதயம் மூன்றில் ஒன்றையாவது தொடாத மருந்து இந்தக் குடும்பத்தில் இல்லை. எதை எவ்வளவு தொடும் என்பதில்தான் வேறுபாடு. எந்தச் சேதத்தைச் சகித்துக்கொள்ளலாம் என்பதில் நாடுகள் பிரிகின்றன.

இதற்கு மெட்டமிசோலைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. அனால்ஜின் என்றும் நோவால்ஜின் என்றும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். கண்டிப்பாகப் பார்த்தால் வீக்கத்தைக் குறைக்கும் திறன் இதற்குச் சொற்பம்; ஆனாலும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்தே பேசப்படும். ஜெர்மனியின் ஹெக்ஸ்ட் நிறுவனம் 1922-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வலிக்கும் கடும் காய்ச்சலுக்கும் நன்றாகக் கேட்கும், வயிற்றை அவ்வளவாகப் புண்ணாக்காது. ஆனால் மிகச் சிலருக்கு, முன்னறிவிப்பு ஏதுமின்றி, ரத்தத்தில் கிருமிகளோடு போராடும் ஒருவகை வெள்ளை அணுக்கள் அடியோடு சரிந்துவிடும். தொண்டை வலி, வாய்ப்புண், நடுக்கக் காய்ச்சல் என்று தொடங்கி, கவனிக்காவிட்டால் உயிரே போகலாம்.

ஸ்வீடன் 1974-லும் அமெரிக்கா 1977-லும் இதை விலக்கின. பிரிட்டனில் இது கிடைக்காது. ஆனால் ஜெர்மனியில் மருத்துவர்கள் மிக அதிகமாக எழுதித்தரும் வலி நிவாரணிகளில் இதுவும் ஒன்று. 1987 முதல் சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள், அவ்வளவுதான். ஸ்பெயினில் இதற்கு நோலோட்டில் என்று பெயர், அது தெரியாத வீடு இல்லை. பிரேசிலில் சீட்டே வேண்டாம். தலைவலிக்குப் பெட்டிக்கடையில் சோடா கேட்பதுபோல், டிபிரோனா என்ற பெயரில் இதைக் கேட்கிறார்கள்.

ஒரு நாட்டில் எமன், பக்கத்து நாட்டில் வீட்டு வைத்தியம் என்றால் உண்மையான ஆபத்துதான் எவ்வளவு? 1986-ல் வெளியான ஒரு பெரிய பன்னாட்டு ஆய்வு ஐரோப்பாவின் பல நகரங்களையும் ஜெருசலேமையும் சேர்த்துப் பார்த்தது. உல்ம், மேற்கு பெர்லின், பார்சிலோனா ஊர்களில் இதைச் சாப்பிட்டவர்களுக்கு அணுக்கள் சரியும் ஆபத்து 20 மடங்குக்கும் மேல். புடாபெஸ்டில் கூடுதல் ஆபத்தே தென்படவில்லை. மொத்தமாகக் கணக்கிட்டால், ஒரு வாரம் சாப்பிடும் 10 லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு என்று வந்தது. ஸ்வீடன் 1995-ல் மருந்தை மறுபடி அனுமதித்துப் பார்த்தது. நான்கே ஆண்டுகளில் மீண்டும் நிறுத்தியது. அந்த இடைவெளியில் கிடைத்த விவரங்களை வைத்துப் போட்ட கணக்கில் சுமார் 1,439 சீட்டுகளுக்கு ஒருவர் என்று வந்தது! 10 லட்சத்தில் ஒன்று எங்கே, 1,439-ல் ஒன்று எங்கே. எத்தனை நாள் கொடுத்தார்கள், கூடவே வேறென்ன மருந்து போனது, எண்ணியவர்கள் எப்படி எண்ணினார்கள் என்று இதற்குப் பல விளக்கங்கள் உண்டு. மரபணுவும் காரணமா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பெயினுக்கு வெயில் காயப் போன பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்தப் பக்கவிளைவு வந்த செய்திகள் எழுந்தபின், 2018-ல் ஸ்பெயினின் மருந்து முகமை, ரத்தப் பரிசோதனைக்குத் திரும்பி வர வாய்ப்பில்லாத வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தர வேண்டாம் என்று மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. அந்த உத்தரவு இனத்தைப் பார்க்கவில்லை. நாளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் கவனிப்பார் என்று பார்த்தது. எனக்கு அது மிகவும் பிடித்த அணுகுமுறை.

இந்தியா என்ன செய்தது? 2013 ஜூனில் அனால்ஜினை நிறுத்தியது. 2014-ல், எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு தடையை விலக்கிக்கொண்டது. ஒரு வருடம்கூட முழுதாகத் தாக்குப்பிடிக்காத தடை.

இங்கே இன்னொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 1998-ல் வெளியான ஒரு மதிப்பீடு, குறுகிய காலம் மாத்திரை சாப்பிடுபவர்களில் அந்த மருந்தால் மட்டும் கூடுதலாக இறப்பவர் எத்தனை பேர் என்று பார்த்தது. 10 கோடிப் பேருக்கு டைக்ளோஃபெனாக்கால் 592, ஆஸ்பிரினால் 185, மெட்டமிசோலால் 25, பாராசிட்டமாலால் 20. மதிப்பீடுதான், எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் யோசிக்க வைக்கிறது. வெள்ளை அணுக்கள் சரிந்து முப்பது வயதுக்காரர் இறந்தால் மருந்தின் பெயர் செய்தியில் வரும். வயிற்றில் ரத்தம் கசிந்து எழுபது வயதுக்காரர் இறந்தால் ‘அல்சர் வெடித்துவிட்டது’ என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முதல் வகை மரணத்துக்கு அஞ்சிய நாடுகள் மெட்டமிசோலை விரட்டின. இரண்டாவது வகைக்கு எல்லா நாடுகளும் பழகிப்போய்விட்டன.

இனி உங்கள் அம்மாவின் அட்டைகளுக்கு வருகிறேன். நிமசுலைட் 1985-ல் இத்தாலியில் விற்பனைக்கு வந்தது. வலியும் காய்ச்சலும் சட்டென்று இறங்கும் என்ற பெயரோடு பரவியது. கல்லீரல் பாதிப்புகள் தெரியவந்ததும் பின்லாந்தும் ஸ்பெயினும் 2002-ல் நிறுத்தின. 2007-ல் அயர்லாந்தில், கல்லீரல் மாற்று சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆறு நோயாளிகளைப் பற்றிய தகவல் போனதும் அந்த நாடும் நிறுத்தியது. ஆறே பேர்தான். ஆனால் சிறிய நாடு, மாற்று சிகிச்சைக்குக் குறிப்பிட்ட ஒரு மருத்துவமனை, வருகிறவர் என்ன சாப்பிட்டார் என்று கேட்டு எழுதிவைக்கும் வழக்கம் எல்லாம் சேர்ந்திருந்ததால் அந்த ஆறு பேரும் ஒரே மேசையில் தெரிந்தார்கள். நம் ஊரில் அதே ஆறு பேர் ஆறு மாவட்டங்களில் மஞ்சள் காமாலை என்று நாட்டு மருந்துக்குப் போயிருப்பார்கள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிமசுலைட் எப்போதுமே அனுமதி பெற்றதில்லை. இத்தாலி இன்னும் வைத்திருக்கிறது, ஆனால் ஐரோப்பிய விதிப்படி சில நாள் கடும் வலிக்கு மட்டும். உங்கள் அம்மாவுக்கு இருப்பதுபோன்ற நாள்பட்ட மூட்டுத் தேய்மானத்துக்குத் தரக்கூடாது. இந்தியாவில் 2011 முதல் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தடை. 2025 டிசம்பரில், உடனே கரையும் வகையில் 100 மில்லிகிராமுக்கு மேற்பட்டவற்றையும் தடை செய்தார்கள்.

இரண்டாவது அட்டையில் உள்ள செராஷியோபெப்டிடேஸ் கதை கொஞ்சம் வேடிக்கையானது. பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த நொதி அது. வீக்கத்தைக் கரைக்கும் என்று ஜப்பானில் டகேடா நிறுவனம் டான்சென் என்ற பெயரில் பல ஆண்டுகள் விற்றது. பிறகு முறையாகச் சோதித்தபோது வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. 2011-ல் நிறுவனமே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டது. பிறந்த வீட்டில் கைவிட்ட மருந்து நம் ஊரில் பல் பிடுங்கினாலும் கணுக்கால் சுளுக்கினாலும் எழுதப்படுகிறது. கெடுதல் பெரிதாக இல்லை, பணம்தான் வீண் என்று சிலர் சொல்வார்கள். என் எதிர்ப்பு வேறு. மூன்று மருந்தை ஒரே மாத்திரையில் அடைத்தால் சாப்பிடுபவர் எதைச் சாப்பிடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறார். காலையில் இந்தக் கலவை, மதியம் காய்ச்சலுக்கு வேறு பெயரில் பாராசிட்டமால், இரவில் இடுப்பு வலிக்கு டைக்ளோஃபெனாக் என்று ஒரே மருந்தையும் ஒரே குடும்பத்து மருந்தையும் மூன்று கடைகளில் மூன்று பெயர்களில் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2024 ஆகஸ்டில் இந்திய அரசு தடை செய்த 156 கலவைகளில் அசிக்ளோஃபெனாக் 50 மில்லிகிராமும் பாராசிட்டமால் 125 மில்லிகிராமும் சேர்ந்ததும் இருந்தது. மற்ற அளவுகளில் அந்தக் கலவை இன்றும் கடையில் இருக்கிறது.

அசிக்ளோஃபெனாக்கின் அண்ணனான டைக்ளோஃபெனாக், 1974-ல் ஜப்பானில் அறிமுகமானது. அமெரிக்காவுக்குள் நுழைய 1988 ஆனது. அதற்குள் அமெரிக்கர்கள் இபுபுரூஃபனுக்குப் பழகிவிட்டார்கள். இந்தக் கால வித்தியாசம் இன்றுவரை தெரிகிறது. 100 நாடுகளின் அத்தியாவசிய மருந்துப் பட்டியல்களை ஒப்பிட்டு 2013-ல் வந்த ஒரு கட்டுரையில், டைக்ளோஃபெனாக் 74 பட்டியல்களில் இருந்தது. இதயத்துக்கு அதைவிடப் பாதுகாப்பானது என்று கருதப்படும் நாப்ராக்சன் 27-ல் மட்டும். அதே ஆண்டு வெளியான இன்னொரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, அதிக அளவில் டைக்ளோஃபெனாக் எடுக்கும் 1,000 பேரில் ஆண்டுக்கு மூன்று பேருக்குக் கூடுதலாக மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை வரும், அதில் ஒருவர் இறப்பார் என்றது. 2004-ல் உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்ற ரோஃபெகாக்சிப் மருந்தின் குற்றமும் ஏறக்குறைய இதுவே. ஐரோப்பா எச்சரிக்கையைக் கூட்டியது. பிரிட்டன் 2015 ஜனவரியில் சீட்டில்லாமல் டைக்ளோஃபெனாக் மாத்திரை விற்பதை நிறுத்தியது. மேலே தடவும் களிம்பு மட்டும் தாராளமாகக் கிடைக்கிறது. இளம் வயதிலேயே மாரடைப்பு வரும் தெற்காசியர்களான நாம்தான் இதில் அதிகம் கவலைப்பட வேண்டியவர்கள். நாமோ ‘ஒரு வலி ஊசி போடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிறோம்.

டைக்ளோஃபெனாக்கைப் பற்றி நம் நாட்டில் மிக நன்றாகத் தெரிந்த உண்மை மனிதர்களிடமிருந்து கிடைக்கவில்லை, கழுகுகளிடமிருந்து கிடைத்தது. பிணந்தின்னிக் கழுகுகள் 1990-களில் கொத்துக்கொத்தாகச் செத்தன. வெண்முதுகுக் கழுகு 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் 99.9 விழுக்காடு குறைந்தது. காரணத்தை 2003-ல் பாகிஸ்தானில் கண்டுபிடித்தார்கள்: மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் இறைச்சியில் தங்கி, அதைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தை முடக்கியது. வெட்டிப் பார்த்தால் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல் யூரிக் அமிலம். 2006-ல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. உடனே மனிதர்களுக்கான பெரிய ஊசிமருந்துக் குப்பிகள் தொழுவத்துக்குப் போயின. 2015-ல் மனிதர்களுக்கான குப்பியை 3 மில்லிலிட்டராகச் சுருக்கினார்கள். பிறகு அசிக்ளோஃபெனாக்கும் கீட்டோபுரூஃபனும் அந்த இடத்தைப் பிடித்தன. மாட்டின் உடம்புக்குள் அசிக்ளோஃபெனாக் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும்! 2023-ல் அவை இரண்டுக்கும் கால்நடைத் தடை வந்தது. அடுத்து நிமசுலைட்டும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மாயாற்றுக் கரை நீர்மருது மரங்களில் கூடு கட்டும் எஞ்சிய கழுகுகளுக்கு, மாட்டுக்குப் போடும் வலி மருந்துகளில் இப்போதைக்குப் பாதுகாப்பானது மெலாக்சிகாம். இதே காலத்தில், 2013-ல், கழுகுகள் நிறைந்த ஸ்பெயின் கால்நடைக்கான டைக்ளோஃபெனாக்கை அனுமதித்தது. அடுத்த வீட்டு அனுபவம் யாருக்கும் உறைப்பதில்லை போலும்.

மருந்துதான் என்றில்லை, அதை உட்கொள்ளும் விதமும் வட்டாரப் பழக்கமே. ஜப்பானியர்களுக்கு லாக்சோபுரூஃபன் என்றொரு மாத்திரை. 1986 முதல் அங்கே சக்கைப்போடு போடுகிறது, லண்டன் கடைக்காரருக்கு அதுவும் தெரிந்திருக்காது. அதைவிட அவர்களுக்குத் தோலில் ஒட்டும் வலிப் பட்டைகள்மீது மோகம். காப்பீட்டுச் செலவு தாங்காமல், ஒரு சீட்டுக்கு 70 பட்டைக்கு மேல் எழுதக்கூடாது என்று 2016-ல் வரம்பு வைத்து, 2022-ல் அதை 63 ஆக்கினார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஆஸ்பிரினும் காஃபினும் கலந்த பொடியைப் பொட்டலமாக விற்பார்கள். வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் 1906-ல் பிறந்த பழக்கம், பஞ்சாலைத் தொழிலாளர்களிடையே ஊன்றியது. ஆஸ்திரேலியாவில் அதே மாதிரிப் பொட்டலத்தில் ஃபெனாசெட்டின் என்ற பழைய வலி மருந்தும் கலந்திருந்தது. தேநீரோடு தினம் இரண்டு மூன்று பொட்டலம் போட்டுக்கொண்ட பெண்கள் சிறுநீரகம் பழுதாகி மருத்துவமனைக்கு வந்தார்கள். மெல்போர்னில் பிரிசில்லா கின்கெய்ட் ஸ்மித் என்ற மருத்துவர் அந்தத் தொடர்பை விடாமல் எடுத்துச் சொல்ல, 1979-ல் இத்தகைய கலவைகளின் தாராள விற்பனை முடிந்தது. பஞ்சாலை, பொட்டலம், அசதி, தேநீர் என்று வாசிக்கும்போது கோயம்புத்தூரையும் திருப்பூரையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

எல்லாமே பழக்கமும் வணிகமும்தான் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மண்ணுக்கேற்ற நியாயமான வேறுபாடு ஒன்று நிச்சயமாக உண்டு. லண்டனில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இபுபுரூஃபன் சிரப் கொடுப்பது சாதாரணம். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ மழைக்காலத்தில் அதைச் செய்யக் கூடாது. டெங்கு என்றால் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்து, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் அமிலம், ஆஸ்பிரின் எது போனாலும் ரத்தக்கசிவுக்கும் சிறுநீரகச் சேதத்துக்கும் வழிவிடும். 2017-ல் மட்டும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்ட இலங்கையில் ‘பனடோல் (பாராசிட்டமால்) தவிர வேறெதுவும் வேண்டாம்’ என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதனால்தான். நம் கடைகளில் காய்ச்சலுக்கு மெஃபனமிக் அமிலம் கலந்த சிரப்பைக் கேட்டதும் எடுத்துத் தருவதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும்.

சட்டப்படி பார்த்தால் நிமசுலைட்டும் அசிக்ளோஃபெனாக்கும் இங்கேயும் சீட்டுக்கு மட்டுமே தர வேண்டியவை. அம்மாவின் காலி அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்புக் கோடும் எச்சரிக்கையும் இருக்கும். அந்தக் கோட்டைக் கடைக்காரரும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை. பிரிட்டனில் பாராசிட்டமாலையே பல்பொருள் கடையில் ஒரு பெட்டிக்கு 16 மாத்திரைக்கு மேல் வைக்க மாட்டார்கள். பிரான்ஸ் 2020 ஜனவரி முதல் இபுபுரூஃபனைக்கூட வாடிக்கையாளர் கைக்கெட்டாமல் மருந்தாளுநருக்குப் பின்னால் நகர்த்தி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அதே இபுபுரூஃபனை 500 மாத்திரைப் புட்டியாகத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போகலாம். பணக்கார நாடுகளும் ஒன்றுபோல இல்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

அம்மாவுக்கு இப்போது என்ன செய்வது என்றால், இங்கிருந்து அதே அட்டைகளை யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம். பிரிட்டனின் வழிகாட்டுதலில் முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் சொல்வதே மேலே தடவும் களிம்புதான், கூடவே தொடைத் தசைக்கான உடற்பயிற்சி. டைக்ளோஃபெனாக் அல்லது இபுபுரூஃபன் களிம்பைச் சீட்டில்லாமலே வாங்கலாம். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மருந்து எடுப்பவர் என்றால் அதையும் மருந்தாளுநரிடம் சொல்லிவிட்டு வாங்கச் சொல்லுங்கள். அது போதாமல் மாத்திரைதான் வேண்டும் என்றால் அங்குள்ள மருத்துவர் நாப்ராக்சனோ இபுபுரூஃபனோ இரைப்பைக்கான மாத்திரையோடு சேர்த்து எழுதக்கூடும். பெயர் புதிதாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

அதற்கு முன் ஒரு விவரம் தேவை. நீங்கள் அதை எழுதவில்லை. அம்மா ரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை சாப்பிடுகிறார்? டெல்மிசார்டன், எனலாப்ரில் போன்றவற்றோடு சிறுநீர் பிரியும் மாத்திரையும் இருந்து, அதன்மேல் இந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகம் மூன்று பக்கமும் அடிவாங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தார்கள், எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.